850 சொற்களுக்குள் ஒரு கடிதம்

லாச்சப்பலில் வளரும் எம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கைவந்த மொழி. லண்டனில் வளரும் அவர்தம் மைத்துனருக்கோ ஆங்கிலம். தமிழ் எழுத்தில் இரு பகுதியினரும் தடுமாறுகின்றனர். கடிதம் எழுத எஞ்சியிருப்பது எளிய ஆங்கிலமே.

1930இல் சி. கே. ஒக்டன் 850 சொற்கள் கொண்ட ‘பேசிக் இங்கிலிஷ்’ பட்டியலை வெளியிட்டார். அதனையே கணனியின் எழுத்துப்பிழை திருத்திக்கு அகராதியாகக் கொடுக்கலாம். லிப்ரே ஒபிஸ் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல் அகராதி, வரிக்கொரு சொல்லாக அமைந்த சாதாரணக் கோப்புத்தான். முதல் வரியில் சொற்றொகை. பெரிய அகராதியின் இடத்தில் இச்சிறு பட்டியலை வைத்தால், அதற்கு வெளியேயுள்ள எச்சொல்லின் கீழும் சிவப்புக் கோடு விழும். பிள்ளை வேறு எளிய சொல்லைத் தேடும். பன்மை வடிவங்களையும் எழுதிவைக்க வேண்டும். அன்றேல் சரியான சொல்லும் சிவக்கும்.

ஒக்டனின் பட்டியலில் போர் உண்டு, சிறை உண்டு, அகதி இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சொல். மாமாவுக்கும் மாமிக்கும் அதுவும் இல்லை! இவர்களை விட்டுவிட்டு எம்மவர் என்ன கடிதம் எழுதுவது?

பிரான்சில் 1950களில் கூகனெம் குழுவினர் மக்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, எண்ணி, எளிய பிரெஞ்சுப் பட்டியல் தொகுத்தனர். எண்ணிக்கையில் அகப்படாத அன்றாடப் பொருட்பெயர்களை அவர்கள் தனியே திரட்டிச் சேர்த்தனர். நாமும் அகதி, மாமா, மாமி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் கோப்பிற் சேர்த்த பின்னரே பிள்ளைகளிடம் கொடுத்தல் நன்று.