ஹார்ட் டிஸ்க் பழுதும் சங்கத்துக் கணக்கும்

சங்கங்களின் பேரேடுகளும் அங்கத்தினர் கடன் கணக்குகளும் இன்று பெரும்பாலும் கணினியில் ஏறிவிட்டன. ஏடு கரையானுக்கு இரையாகும் என்று அஞ்சியவர்கள்கூட, கணினியில் ஏறியது அழியாது என்று எண்ணி வாளாவிருக்கின்றனர். ஹார்ட் டிஸ்க்கும் பழுதாகும். அப்போது எதை முதலிற் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது என்னும் வரிசையை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துக்களே அதில் அடங்கின. மடிக்கணினியில் உள்ளதோ 2.5 அங்குல அளவினது. ஆயினும் அமைப்பு ஒன்றே. காந்தப் பூச்சுள்ள தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. படிக்கும் முனை அதைத் தொடாமல், மயிரிழையினும் மிகக் குறுகிய இடைவெளியில் மிதந்து செல்கிறது. ஓடுகையில் கணினி கீழே விழுந்தால் முனை உராய்ந்து தட்டு கெடலாம்.

பிழைகள் இருவகைப்படும். எந்தக் கோப்பு தட்டில் எங்குள்ளது என்பதைக் காட்ட ஓர் அட்டவணை உண்டு. கணினி திடீரென நின்றுவிட்டால், நாள்வழியில் பதிந்து பேரேட்டில் ஏறாத தொகைபோல அந்த அட்டவணை முரண்படக்கூடும். இது முதல் வகை. இதில் தட்டுக்கு ஊறு இல்லை. இரண்டாவது, தட்டே கெடுவது. தட்டு செக்டார் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கெட்ட கட்டத்துக்கு ஈடாக உபரிக் கட்டங்கள் சில உண்டு. அவை தீரத் தீர டிஸ்க்கின் ஆயுளும் தீர்கிறது.

பாவில் இழை அறுந்தால் பிணைத்து நெய்யலாம். தறிமரமே உளுத்துவிட்டால் இழை பிணைத்து என்ன பயன்? கோப்பு திறக்கத் தாமதித்தல், படிக்க இயலவில்லை என்ற அறிவிப்பு, கணினி தொடங்கும்போதெல்லாம் தானே சோதனையில் இறங்குதல் ஆகியவை நோயின் குறிகள். இவற்றைக் கண்டதும் செய்யவேண்டிய முதற்காரியம் பழுது பார்ப்பதன்று. கணக்குக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கிற்குப் பிரதி எடுப்பதே. பழுது பார்க்கும் நிரல் அட்டவணையை நேராக்க முனையுமேயன்றி நம் கணக்கைக் காக்க முனையாது. மேலும், முழுத் தட்டையும் படிக்கும் உழைப்பு, நலிந்த டிஸ்க்கை அடியோடு வீழ்த்தக்கூடும். ‘டக் டக்’ என்னும் ஓசை கேட்டால் உடனே நிறுத்தி, தரவு மீட்பதில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே தக்கது.

பிரதி எடுத்த பின்னரே பழுது பார்த்தல். விண்டோஸ் கணினியில், டிரைவின் மீது வலப்பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்ற வரிசையிற் செல்லலாம். செக்டிஸ்க் என்னும் கட்டளையும் உண்டு: ‘எஃப்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் அட்டவணையைத் திருத்தும், ‘ஆர்’ சேர்த்தால் கெட்ட கட்டங்களையும் தேடும். பின்னதற்குப் பல மணி நேரம் ஆகலாம். ஆதலின் சார்ஜரை இணைத்தே தொடங்குக, இடையில் நிறுத்தற்க.

பிழை திருத்தப்பட்டது என்று கணினி கூறினால் கணக்கு சரியாகிவிட்டது என்று பொருளன்று. இருப்புப் பட்டியலை மீண்டும் கூட்டிப் பார்க்கவேண்டும். கடன் நிலுவைகளை அங்கத்தினரின் பாஸ் புத்தகங்களோடு ஒப்பிடவேண்டும். கெட்ட கட்டங்கள் மேலும் பெருகுமாயின் டிஸ்க்கை மாற்றிவிடுவதே சிக்கனம். சுழலும் தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகையோ ஓசையின்றியே திடீரெனச் செயலிழக்கக்கூடும். அதற்கும் பிரதி வேண்டும்.

நூல் வாங்கிய கணக்கும் பயிர்க் கடன் செலுத்திய கணக்கும் அங்கத்தினரின் உடைமை. எனவே அடுத்த பொதுக்குழுவில், “கணக்கின் பிரதி எங்கே உள்ளது? கடைசியாக எடுத்த தேதி யாது?” என்று கேட்டறிவது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.