ஒரு பிடி அரிசி

மழை விடாமல் பெய்கிறது. கட்டட வேலை நின்று போகிறது. இரண்டு வாரமாகக் கூலி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. இப்படி ஒரு நேரம் எல்லா வீட்டுக்கும் வரும். காதில் கிடக்கும் தோடு அடகுக் கடைக்குப் போகும். தோடும் இல்லை என்றால் வட்டிக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும்.

“வருவதே வாய்க்கும் வயிற்றுக்கும் போதவில்லை. இதில் எங்கே சேமிப்பது?” என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பணமாகச் சேமிக்க முடியாதவர்கள் அரிசியாகச் சேமிக்கிறார்கள்.

இந்தியாவின் வடகிழக்கில் இருக்கிறது மிசோரம். மலைகள் நிறைந்த மாநிலம். அங்கே பெண்கள் சோறு சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். இதற்குப் ‘பூஃபாய் தாம்’ என்று பெயர். 1910-ஆம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. சேர்ந்த அரிசியைத் தேவாலயத்துக்குக் கொடுப்பார்கள். அங்கே அதை விற்றுப் பணமாக்குவார்கள். பிடி பிடியாகச் சேர்ந்த அரிசி கோடிக்கணக்கான ரூபாய் ஆகிறது!

அதே ஒரு பிடியை வீட்டுக்காகவும் சேர்க்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி சுமார் 50 கிராம். இரண்டு வேளைக்கு 100 கிராம். 30 நாளில் 3 கிலோ. வேலை இல்லாத வாரத்தில் அந்த 3 கிலோ கடன் வாங்காமல் காப்பாற்றும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இது பானையில் போடுவதற்கு முன் எடுக்கிற பிடி. கடைசியில் சாப்பிடும் பெண்ணின் தட்டில் குறைகிற பிடி அல்ல. பல வீடுகளில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் பட்டினி கிடந்து சேர்ப்பது சேமிப்பே அல்ல.

அடுப்பிலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றை முதல் நாள் இரவே ஊற வையுங்கள். மூடி போட்டுச் சமையுங்கள். விறகானாலும் எரிவாயுவானாலும் குறைவாகவே ஆகும்.

ஆனால் வீட்டுப் பணம் அதிகமாகப் போகும் ஓட்டை அடுப்பில் இல்லை. வட்டியில் இருக்கிறது.

காய்கறி விற்கும் பெண் ஒருவர் காலையில் வட்டிக்காரரிடம் 900 ரூபாய் வாங்குகிறார். மாலையில் 1,000 ரூபாய் கொடுக்கிறார். மறுநாளும் அப்படியே. ஒரு நாளைக்கு 100 ரூபாய் வட்டி. மாதம் 25 நாள் வியாபாரம் என்றால் 2,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அவருக்குத் தேவையான முதலோ வெறும் 900 ரூபாய்!

அவர் தினமும் 20 ரூபாய் எடுத்து வைத்தால் 45 நாளில் 900 ரூபாய் சேரும். அதன் பிறகு முதல் அவருடையது. அந்த 100 ரூபாயும் அவருடையது.

‘பத்து வட்டி’ என்பதையும் பாருங்கள். நூறு ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். 5,000 ரூபாய் கடனுக்கு ஓர் ஆண்டு வட்டி 6,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

இந்தக் கொடுமையை அகமதாபாத் நகரத்துப் பெண்கள் நன்றாக அறிவார்கள். காய்கறி விற்பவர்கள், பழைய துணி வாங்கி விற்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் அவர்கள். வங்கிகள் அவர்களை மதிக்கவில்லை. இலா பட் என்பவர் 1972-இல் தொடங்கிய ‘சேவா’ சங்கத்தில் அவர்கள் சேர்ந்திருந்தார்கள். 1974-இல் சுமார் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையே தொடங்கினார்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் கணக்கு எண் எழுதிய பலகையைக் கையில் பிடித்தபடி புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படமே அடையாளம் ஆயிற்று. அந்த வங்கி இன்றும் நடக்கிறது.

எல்லா ஊரிலும் வங்கி தொடங்க முடியாது. குழு தொடங்க முடியும். 10 முதல் 20 பேர் சேர்ந்தால் சுய உதவிக் குழு. வாரம் ஒரு தொகை போடலாம். அவசரத்துக்கு அதிலிருந்தே குறைந்த வட்டிக்குக் கடன் எடுக்கலாம். அந்த வட்டியும் குழுவுக்கே வரும். இத்தகைய குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992-இல் தொடங்கியது.

தனியாகச் சேமிக்க அஞ்சலகம் இருக்கிறது. 500 ரூபாயில் கணக்குத் தொடங்கலாம். அதுவும் இல்லாதவர்கள் வங்கியில் ஜன் தன் கணக்குத் தொடங்கலாம். 2014-இல் வந்த திட்டம் இது. இருப்புத் தொகை தேவையில்லை. “பணத்தை ஒரே வருடத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறோம்” என்று வீடு தேடி வருகிறவர்களிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். அடகுக் கடையாவது தோட்டைத் திருப்பித் தரும்.

பணம் கட்டியதும் பாஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி சரியா, தொகை சரியா, மொத்த இருப்புச் சரியா என்று படியுங்கள். கட்டியது 200, பதிவானது 20 என்றால் அங்கேயே நின்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் பதில் கிடைப்பது கடினம்.