உடற்பருமனுக்கு இரைப்பை அறுவை: முன்னும் பின்னும்

2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். கடலூர் மாவட்டத்தில் நெல்வயல் சூழ்ந்த குமராட்சி வட்டாரத்தில் அரிசியே உணவின் அச்சாணியாக இருப்பதால், இரைப்பையைச் சுருக்கும் அறுவை இங்குள்ள ஒருவருக்கு எடையை மட்டுமன்றி அன்றாடச் சாப்பாட்டு முறையையே மாற்றிவிடும் என்பதை முதலில் உணர்ந்தாக வேண்டும்.

பருமனான எல்லோருக்கும் இச்சிகிச்சை உரியதன்று. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறைக் குறியெண் 35-ஐத் தாண்டியவர்களுக்கும், 30-ஐத் தாண்டியதோடு சர்க்கரை நோய், மிகை இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடல் போன்றவை உள்ளவர்களுக்குமே இந்தியாவில் இது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 160 செ.மீ. உயரமுள்ளவர் ஏறத்தாழ 90 கிலோ இருந்தால் குறியெண் 35-ஐ எட்டும்.

இன்று பரவலாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில், நுண்துளை வழியாகக் கருவிகளைச் செலுத்தி, இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பகுதியை வெட்டி நீக்கி, எஞ்சியதைக் குழாய் வடிவில் தைத்துவிடுகின்றனர். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற இயக்குநீரைப் பெரிதும் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு நீங்கிவிடுவதால், வயிற்றின் கொள்ளளவோடு பசியும் குறைகிறது. 'பைபாஸ்' முறையிலோ இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பதால், உணவு குடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமலே கடந்துவிடுகிறது; சர்க்கரை நோய் கட்டுப்படுவதற்கு இம்மாற்றமும் ஒரு காரணம்.

அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் நீர்மம், அடுத்துக் கூழ், பின்பு குழைந்த உணவு என்று படிப்படியாகவே முன்னேற முடியும். தண்ணீரைக்கூட மருந்து மூடியளவில், மிடறு மிடறாகத்தான் குடிக்க வேண்டும். சில மாதங்களுக்குப் பின்னரும் ஓர் இட்லியை இருபது நிமிடம் மென்று உண்பதே இயல்பாகிவிடும். தட்டில் சோற்றுக்கு முன் முட்டை, மீன், பருப்பு, தயிர் ஆகியவற்றுக்கே இடம் தர வேண்டும், ஏனெனில் புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். விருந்துவீட்டில் 'இன்னும் கொஞ்சம்' என்று சோறு போடும் அன்பைக் குடும்பத்தார் கைவிடுவது நோயாளிக்குச் செய்யும் பேருதவி.

மிகை எடையில் பாதி முதல் 70 விழுக்காடு வரை ஒன்றிரண்டு ஆண்டுகளில் குறையலாம். 104 கிலோ எடையில் 40 கிலோ மிகையெனில், 20 முதல் 28 கிலோ வரை குறையும். ஒட்டிய உடலை எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவர். முடி கொட்டுதல், பித்தப்பைக் கல், தோல் தளர்தல் ஆகியவை நேரலாம். தையல் கசிவும் இரத்தக் கட்டும் அரிதெனினும் உயிருக்கு ஆபத்தானவை. பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 மாத்திரைகளும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுதும் தேவை. சென்னைக்கோ புதுச்சேரிக்கோ சென்று அறுவை செய்துகொள்வோர், ஊர் திரும்பியபின் சிதம்பரத்திலோ கடலூரிலோ தம்மைத் தொடர்ந்து கவனிக்கும் மருத்துவர் யார் என்பதை, அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்; ஓயாத வாந்தி, காய்ச்சல், படபடப்பு, வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.