கையை விடாமல் பிரிவது எப்படி?

பெரம்பலூர் மாவட்டத்தில் நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை, எறையூரில் காலணித் தொழிற்சாலை. என் மாணவர்கள் சிலரின் வீட்டில் அங்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அதனால் ரப்பர் பாடம் என்றால் வகுப்பு விழித்துக்கொள்ளும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் ரப்பரின் சங்கிலிகள் பிணைந்து உறுதி பெறும் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தேன்.

"சார், செருப்பு அடிப்பாகம் சூடு பட்டா உருகுது. ஆறினதும் மறுபடி ரப்பர் மாதிரி இழுக்குது. அதுல கந்தகம் இல்லையா?" என்றாள் ஒரு மாணவி. "அது பிளாஸ்டிக்மா" என்று சமாளித்தேன். தவறான பதில்.

அத்தகைய அடிப்பாகங்கள் பலவற்றில் இருப்பது எஸ்.பி.எஸ். என்னும் தொகுதிச் சகபலபடி. ஒரே சங்கிலியின் இரு முனைகளிலும் பாலிஸ்டைரீன், நடுவில் பாலிபியூட்டாடையீன். முன்னது தெர்மாகோலின் மூலப்பொருள், கெட்டியானது, பின்னது ரப்பர். இரண்டும் எண்ணெயும் தண்ணீரும்போல ஒட்டாதவை. ஆனால் பிணைப்பால் கட்டுண்டவை. தூரமாகப் பிரிய வழியில்லை. எனவே சில பத்து நானோமீட்டர் அளவிலேயே பிரிந்து, ரப்பர் கடலில் ஸ்டைரீன் தீவுகளாகின்றன. ஒரு சங்கிலியின் இரு முனைகள் இரு தீவுகளில் மாட்டினால், நடுப்பகுதி பாலமாகிறது. கந்தகம் செய்யும் வேலையைத் தீவுகளே செய்கின்றன. சுமார் 100 டிகிரி செல்சியசைத் தாண்டினால் தீவுகள் இளகும். ஆறினால் மீண்டும் இறுகும்.

தீவின் வடிவம் அளவைப் பொறுத்தது. ஸ்டைரீன் குறைவாக இருந்தால் உருண்டை, 30 விழுக்காடு அளவில் உருளை, சரிபாதிக்கு அருகில் அடுக்கு. புதிய மூலக்கூறு தயாரிக்காமலே இதை மாற்றலாம்: தனிப் பாலிஸ்டைரீனைக் கலந்தால் போதும். அதன் சங்கிலி குட்டையாக இருந்தால் தீவுக்குள் புகுந்து அதைப் பருக்கச் செய்யும். உருண்டை உருளையாகலாம், உருளை அடுக்காகலாம். முனைத் தொகுதியைவிட மிக நீளமாக இருந்தால் தீவில் இடம் கிடைக்காது. வெளியேறித் தனிக் கட்டியாகிவிடும்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளில் சக்கரத்தடம் பள்ளமாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கனரக வண்டிகள் ஓடும் சாலைகளுக்கான தாரில் இதே எஸ்.பி.எஸ்.ஸைச் சில விழுக்காடு கலப்பதுண்டு. தாரின் எண்ணெய்ப் பகுதியை உறிஞ்சி அது உப்பி, தாருக்குள் வலையாகப் பரவும். தாரோடு பொருந்தாவிட்டால் தொட்டியிலேயே பிரிந்து மேலே மிதக்கும்.

அடுத்த வாரம் அந்த மாணவியிடம் என் தவறைச் சொல்லிவிட்டு, வகுப்பை மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். ஐவர் ஒரு சங்கிலி: ஓரங்களில் இருவருக்குச் சிவப்பு ரிப்பன், நடுவில் மூவருக்கு நீலம். ஆறு சங்கிலிகள். "சிவப்பு சிவப்போடு சேரட்டும், கையை விடக்கூடாது" என்றேன். சற்று நேரத்தில் மூன்று சிவப்புக் கூட்டங்களும் அவற்றுக்கிடையே நீலப் பாலங்களும் உருவாகின. தனியாக விட்ட நான்கு சிவப்புப் பிள்ளைகள் கூட்டங்களுக்குள் நுழைந்ததும் கூட்டம் பருத்தது. நீளச் சங்கிலி வெளியேறுவதை மட்டும் இப்படிக் காட்ட முடியவில்லை. கைகோத்த பிள்ளைகளும் உள்ளே புகுந்துவிட்டார்கள். அதைக் கரும்பலகையில்தான் விளக்கினேன்.