பொம்மை ரயிலின் பழைய வர்ணம்

பட்டாபிராமில் வசிக்கும் நம் குழந்தைகளுக்கு மின்சார ரயில் அதிசயமன்று. ஆனால் பரணிலிருந்து தாத்தா காலத்துத் தகர ரயில் ஒன்று இறங்கிவிட்டால், வீடே அமர்க்களப்படும்! உடனே புது வர்ணம் பூச வேண்டுமென்று உப்புத்தாளைக் கொண்டு சுரண்டத் தொடங்குகிறோம். அபாயம் அங்கேதான். 1920-இல் லிவர்பூலில் ஹார்ன்பி ரயில்கள் பிறந்த காலத்தில் வர்ணங்களில் ஈயம் சகஜம். நம் தேசத்தில் வீட்டு வர்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆகவே உலர்ந்த வர்ணத்தைச் சுரண்டலாகாது. அடுப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில், கையுறையுடன், ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்க்கலாம். இளகாவிடில் விட்டுவிடுவதே மேல். நாம் ஒருமுறை அவசரப்பட்டுக் காஸ்டிக் சோடாவை நாடினோம். துத்தநாகக் கலவைச் சக்கரங்கள் அரித்துப் போயின. அஸிடோனோ பிளாஸ்டிக் வண்டியையே கரைத்துவிடும். தேய்த்த கசடைக் கிணற்றடியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.