வரம்போரத்துக் களை

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே ஒரு குடும்பம் முழுவதும் கலங்கி நிற்பதை நாம் அறிவோம். கட்டியை அழித்தாயிற்று என்று வைத்தியர் கூறிய பின்னரும், "மறுபடி வருமோ?" என்ற கேள்வி வீட்டை விட்டு அகல்வதில்லை. அக்கேள்விக்கு விடை தேடும் ஒரு முயற்சியை இவ்வாரம் நோக்குவோம்.

சதையியிலோ ஈரலிலோ பெரிய குருதிக்குழாயை ஒட்டிக் கட்டி வளருமாயின், கத்தி வைப்பது அபாயம். சூட்டினாற் பொசுக்கலாமெனின், ஓடுங் குருதி அச்சூட்டை அள்ளிச் சென்றுவிடும். இத்தகைய இடத்திலே மின்துடிப்புக் கைகொடுக்கிறது. கட்டியைச் சுற்றி மெல்லிய ஊசிகளைச் செலுத்தி, அவற்றுக்கிடையே 3,000 வோல்ட் வரையான மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகப் பாய்ச்சுகின்றனர். ஒரு துடிப்பு நீடிப்பது ஒரு செக்கனின் 10,000இல் ஒரு பங்கு அளவே. இதனால் கலங்களின் மென்சவ்விலே நுண்ணிய துளைகள் விழுகின்றன. அவை மூடாவிடின் கலம் மடிகிறது. சூடு மிகாமையால், குருதிக்குழாயின் நார்ச்சட்டம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. டவலோஸ், மீர், ருபின்ஸ்கி என்னும் விஞ்ஞானிகள் மூவர் 2005இல் இம்முறையை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். இன்று பல நாட்டு வைத்தியசாலைகளில் இது கையாளப்படுகிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. ஊசிகளுக்கு அண்மையில் வலிதாயிருக்கும் மின்புலம், விலக விலக மெலிகிறது. விளிம்பிலுள்ள கலங்களில் விழுந்த துளைகள் சிறிது நேரத்தில் தாமே மூடிக்கொள்கின்றன. வயலின் நடுவிலே களை பிடுங்கி, வரம்போரத்தை விட்டுவிட்ட கமக்காரனின் நிலைதான்! மின்சாரத்தைக் கூட்டினாலோ, சூடு மிகுந்து, நாம் காக்க முனைந்த குழாயே கெட நேரும்.

இவ்விடத்திலேதான் நனோத் துணிக்கைகள் நினைவுக்கு வருகின்றன. ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே நனோமீற்றர். அத்தகைய அளவைகளால் அளக்கப்படும் பொன் துணிக்கைகள் கலத்தருகே இருப்பின், தம்மைச் சூழ்ந்த மின்புலத்தை அவ்விடத்தில் மாத்திரம் செறியச் செய்யும். மெலிந்த புலமும் அங்கே வலிமை பெறும். வேறு சில துணிக்கைகள் மருந்தைச் சுமந்து செல்லும். துளை திறந்திருக்கும் சிறு பொழுதிலே அம்மருந்து கலத்தினுள் நுழையும். பிளியோமைசின் என்னும் மருந்தை மின்துடிப்போடு சேர்த்துத் தோற்கட்டிகளுக்கு அளிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் ஏலவே உண்டு.

எனினும், துணிக்கைகளைச் சேர்க்கும் இப்புதுமுறை பெரும்பாலும் ஆய்வுகூடத்துக் கலங்களிலும் விலங்குகளிலுமே சோதிக்கப்பட்டு வருகிறது. குருதியில் விடப்படும் துணிக்கைகளிற் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் கவர்ந்துகொள்கின்றன. கட்டியை அடைவது சொற்பமே. இத்தடையைத் தாண்டாமல் இது நோயாளியின் படுக்கையருகே வரமுடியாது.

ஆகவே, நாளை வரக்கூடிய மருத்துவத்தை எண்ணி, இன்று கைக்கெட்டும் சிகிச்சையை எவரும் தள்ளிப்போடலாகாது. கட்டி சிறிதாயிருக்கையிலே வைத்தியரை நாடுவோருக்கு, வரம்போரமும் சிறிதாகவே இருக்கும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.