10 ஆண்டு விசா கிடைத்தாலும் தங்க 6 மாதம்தான்!

சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிறது அமெரிக்கத் துணைத் தூதரகம். பைலும் கையுமாக அங்கே வந்து நிற்பவர்களில் வயதான தம்பதிகளும் உண்டு. மகன் வீட்டுக்கு, மகள் பிரசவத்துக்கு என்று புறப்படுகிறவர்கள் இவர்கள்.

இவர்கள் வாங்குவது சுற்றுலா விசா. பெரும்பாலும் 10 ஆண்டுக்குக் கொடுக்கிறார்கள். "பத்து வருஷத்துக்குக் குத்திட்டான், இனி கவலை இல்லே" என்று இருந்துவிடுகிறவர்கள் பலர். ஆபத்தே அங்கேதான்!

வாசல் வரைதான்

விசா என்பது அந்த நாட்டு வாசல் வரை போவதற்கான அனுமதிதான். உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை, விமானம் இறங்கியதும் அங்குள்ள அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக 6 மாதம். அந்தத் தேதி "ஐ-94" என்ற பதிவில் ஏறும். பாஸ்போர்ட் நம்பரைக் கொடுத்து இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

"பேரன் பிறந்தநாள் வரை இருக்கணும்" என்றால், அந்தத் தேதிக்கு முன்பே நீடிப்பு கேட்டு மனு போட வேண்டும்.

தடை வரும்

அனுமதி இல்லாமல் கூடுதலாகத் தங்கினால் 10 ஆண்டு விசா செல்லாமல் போய்விடும். 180 நாளுக்கு மேல் தங்கித் திரும்பினால் 3 ஆண்டு தடை. ஒரு ஆண்டு ஆகிவிட்டாலோ தடை 10 ஆண்டு!

இந்த விசாவில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்கக் கூடாது. அங்கேயே நிரந்தரமாகத் தங்க வழி வேறு. மகனோ மகளோ அமெரிக்கக் குடியுரிமை பெற்று, 21 வயதும் நிரம்பியிருந்தால், பெற்றோரின் "கிரீன் கார்டு"க்கு மனு போடலாம்.

திரும்பும் டிக்கெட் போடுமுன் ஐ-94 தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.